பாக்கெட் உணவை விட்டு சமைக்காத உணவுக்கு: பன்னிரண்டு வாரத்தில் மாறும் வழி

சில வருடங்களுக்கு முன் பொங்கல் முடிந்த மறுநாள், இனி அடுப்பே வேண்டாம், எல்லாமே சமைக்காத உணவுதான் என்று முடிவெடுத்தேன். அதற்கு முந்தைய வாரம் வரை என் சாப்பாடு இதுதான்: காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ஆபீஸ் கேன்டீன், மாலையில் மிக்சரோ சிப்ஸோ, வீடு திரும்ப நேரமாகிவிட்டால் பாக்கெட் நூடுல்ஸ். அப்படிப் பழகிய வயிற்றுக்குள் ஒரே நாளில் முளைகட்டிய பயறும் பச்சை முட்டைக்கோஸும் பழமும் மட்டும் போனதில் வயிறு உப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் தலைவலி. ஆறாம் நாள் இரவு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கே தவறு என்று பிறகுதான் புரிந்தது. பாக்கெட்டை விடுவது ஒரு வேலை. பச்சையாகச் சாப்பிடப் பழகுவது வேறு வேலை. முதலாவதற்கு நாக்கு பழக வேண்டும், இரண்டாவதற்குக் குடல் பழக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தேன். அடுத்த முறை பிரித்துக்கொண்டு பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன், அது நிலைத்தது. இன்று எங்கள் வீட்டில் காலை உணவுக்கு அடுப்பு எரிவதில்லை. மாலையிலும் பெரும்பாலும் இல்லை. மதியம் சமைக்கிறோம். அதை நிறுத்தும் எண்ணம் இல்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை மாற்றினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே மருந்தை எடுத்துக்கொண்டு சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், வயதானவர்கள் பச்சை முளைப்பயறைத் தவிர்ப்பது நல்லது. இவர்கள் எல்லோரும் கீழே உள்ள முதல் இரண்டு வாரத்தைத் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் போகும் முன் ஒருமுறை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வாரம் 1, 2: பாக்கெட் வெளியே, அடுப்பு உள்ளே

இந்த இரண்டு வாரமும் சமைக்காத உணவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இட்லி, சாம்பார், சோறு, கூட்டு, எல்லாம் வழக்கம்போல வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள். பாக்கெட் மட்டும் போகட்டும்.

எந்தப் பாக்கெட்? அரிசியும் பருப்பும் நல்லெண்ணெயும் கூடப் பாக்கெட்டில்தான் வருகின்றன. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவும் உணவை நான்கு வகையாகப் பிரித்தார்கள், 'நோவா' என்று அதற்குப் பெயர். முதல் வகை காய், பழம், தானியம், பால் போன்றவை. இரண்டாவது எண்ணெய், உப்பு, சர்க்கரை. மூன்றாவது ரொட்டி, சீஸ், ஊறுகாய் மாதிரி முதல் இரண்டையும் சேர்த்து எளிமையாகச் செய்தவை. நான்காவதுதான் நமக்கு வேண்டாதது: வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்களைக் கொண்டு தொழிற்சாலையில் செய்தவை.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். கோதுமை பிஸ்கட் என்று முன்னால் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பின்னால் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முதல் மூன்று இடத்தில் இருக்கும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், 471 என்ற எண்ணோடு வரும் எமல்சிஃபையர், 627, 631 என்ற எண்களோடு வரும் சுவைகூட்டி, இவற்றில் எதையாவது பார்த்தால் அது நான்காவது வகை. உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இல்லாத பெயர் வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

இதில் இத்தனை கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்துப் பார்த்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவர்கள் விருப்பம். தொழிற்சாலை உணவு கொடுத்தபோது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. ஒரு பிஸ்கட் எடுத்தவர் பாதிப் பாக்கெட்டில் வந்து நிற்பதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லித் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மாலை நான்கு மணிதான் கஷ்டமான நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் மாற்று வைத்துக்கொள்ளுங்கள்: வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலையும் கொஞ்சம் வெல்லமும், பொரி, சுண்டல், கொய்யாக்காய். வறுத்ததும் வேகவைத்ததும் இந்த இரண்டு வாரம் தாராளமாக இருக்கட்டும். டீ, காபியையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தலைவலி வரும். அதைத்தான் சிலர் 'உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது' என்று சொல்லித் தேற்றுகிறார்கள். அது காஃபின் கிடைக்காத தலைவலி, அவ்வளவுதான். எனக்கு மூன்றாம் நாள் வந்தது அதுவே. நாலு டம்ளர் குடிப்பவர் வாரத்துக்கு ஒரு டம்ளர் குறைத்தால் போதும்.

வாரம் 3, 4: சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம்

இப்போதுதான் பச்சை உள்ளே வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சோற்றைத் தொடும் முன் ஒரு சின்னக் கிண்ணம் பச்சைக்காய். முதல் மூன்று நாள் 50 கிராம் போதும். வெள்ளரிப்பிஞ்சு, கேரட் துருவல், வெங்காயம், தக்காளி. இவை பெரும்பாலானோர் வயிற்றைத் தொந்தரவு செய்யாது. முட்டைக்கோஸ், முள்ளங்கியை நான்காவது வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள், அவைதான் வாயு கூட்டுகிறவை. நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும், பலரும் 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்துவது இந்த இடத்தில்தான். நன்றாக மெல்லுங்கள். சமைத்த காயை மெல்வதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

சாலட் என்றதும் ஆலிவ் எண்ணெயும் லெட்யூஸும் வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. ராமநவமிக்குப் பானகத்தோடு கொடுக்கும் வடைப்பருப்பு என்ன? ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய மாங்காய், வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை. அடுப்பில் ஏறாத முழு உணவு அது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் கொடுக்கும் காப்பரிசியும் அப்படித்தான்: ஊறிய பச்சரிசி, வெல்லம், தேங்காய், எள். வாழைத்தண்டுத் தயிர்ப்பச்சடி, மாங்காய்த் தயிர்ப்பச்சடி, கொத்தமல்லித் துவையலை வதக்காமல் பச்சையாக அரைத்தது, இப்படி எண்ணிப் பார்த்தால் நம் வீடுகளிலேயே பத்துப் பன்னிரண்டு வகை கிடைக்கும்.

நாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிப்ஸின் உப்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாரம் கேரட் சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் அது மாறிவிடுகிறது. அதுவரை எலுமிச்சைச்சாறு, மிளகுத்தூள், இஞ்சித் துருவல், மாங்காய் ஆகியவற்றை வைத்துச் சமாளியுங்கள், உப்பைக் கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி, சமையல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து.

வாரம் 5 முதல் 8 வரை: அடுப்பில்லாத காலை

காலை உணவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், முந்தைய இரவே ஊறவைத்துவிட்டால் காலையில் வேலை குறைவு. ஐந்தாம் வாரம் இரண்டு நாள், ஆறாம் வாரம் நான்கு நாள், பிறகு தினமும்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு வெறும் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவது. பதினொரு மணிக்குப் பசி வந்து பிஸ்கட்டில் கை வைப்பார்கள். பச்சைக்காயும் பழமும் பெரும்பாலும் தண்ணீர். அளவு பெரிதாகத் தெரியும், பசி தாங்காது. அதனால் காலைத் தட்டில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: ஒரு பயறு, ஒரு கொழுப்பு, ஒரு பழம்.

பயறு என்றால் பச்சைப்பயறுதான் முதலில். ஒருவருக்கு 50 கிராம். அதில் ஏறக்குறைய 12 கிராம் புரதம் கிடைக்கும். காலையில் ஊறவைத்து மாலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலை முளை வந்திருக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் வரும். நடுவில் இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். வழவழப்பாக இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். முளை அரை அங்குலத்தைத் தாண்ட விட வேண்டாம். முளைத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். கொண்டைக்கடலை முளை பச்சையாகக் கடினமாக இருக்கும். அதைப் பழகியவர்கள் சாப்பிடட்டும்.

கொழுப்புக்குத் தேங்காய் இருக்கிறது. கால் மூடித் தேங்காய்த் துருவல், அல்லது இரவு ஊறவைத்த ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அல்லது ஒரு ஸ்பூன் எள். வேர்க்கடலையில் சுருங்கியதும் கறுத்ததும் பூஞ்சை பிடித்ததும் இருந்தால் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், கழுவினாலும் போகாது.

பழம் உள்ளூர்ப் பழமாக இருக்கட்டும். கொய்யாவில் ஆரஞ்சைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையோ அதைவிடக் குறைவு. அந்த வைட்டமின் சி பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. அதனால் பயறையும் கொய்யாவையும் ஒரே வேளையில் சாப்பிடுவதில் பொருள் உண்டு. சாப்பிட்டதும் டீ குடித்தால் அந்தப் பலனை டீ பெருமளவு குறைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது அவல். சிவப்பு அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, தேங்காய்ப்பால், பொடித்த வெல்லம் கொஞ்சம், ஏலக்காய், நறுக்கிய வாழைப்பழம். அல்லது இனிப்பில்லாமல் வெங்காயம், கேரட் துருவல், முளைப்பயறு, தேங்காய், எலுமிச்சை, பச்சைமிளகாய். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத்தான் அவல் வருகிறது, ஆகவே இதைப் பச்சை உணவு என்று கண்டிப்பானவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. பாக்கெட் செரியலுக்குப் பதிலாக இது வந்திருக்கிறது, அது போதும். தேங்காய்ப்பாலைப் பிழிந்த உடனே குடியுங்கள், வெயில் காலத்தில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

இதே யோசனையில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் மருத்துவர் பிர்ஷர்-பென்னர் 1900-ஐ ஒட்டி நோயாளிகளுக்குக் கொடுத்ததுதான் மியூஸ்லி. இரவு ஊறிய கொஞ்சம் ஓட்ஸ், நிறையத் துருவிய ஆப்பிள், எலுமிச்சை, கொட்டைகள். இன்று அந்தப் பெயரில் விற்கும் சர்க்கரை போட்ட பாக்கெட்டைப் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது.

கழுவுவது

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். வேகவைத்தால் கிருமி சாகும் என்ற பாதுகாப்பை நாம் விட்டுக்கொடுக்கிறோம், அந்த வேலையை இப்போது நம் கைதான் செய்ய வேண்டும்.

அசுத்தமான தண்ணீரும் மண்ணும் பட்ட காயில் பன்றி நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருக்கலாம். அது உள்ளே போனால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். சைவமாகவே இருப்பவர்களுக்கும் வருகிறது. அதனால் தரையோடு வளரும் கீரை, கொத்தமல்லி, கேரட், முள்ளங்கி எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவ முடிந்ததைச் சீவுங்கள். முட்டைக்கோஸின் மேல் மூன்று நான்கு இலையை எடுத்துவிட்டு ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவுங்கள். காலிஃப்ளவரைப் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம், உள்ளே கழுவ முடியாது. உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீரில் ஊறவைப்பது சின்னப் புழுக்கள் வெளியே வர உதவும், எல்லாக் கிருமியையும் கொல்லாது.

முளைகட்டுவதில் வேறு ஆபத்து. விதை முளைக்க வேண்டிய வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி தாக்கி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். தேடிப்பார்த்தபோது காரணம் முளைகட்டிய வெந்தயம். கடையில் திறந்து வைத்திருக்கும் முளைப்பயறை வாங்காமல் வீட்டிலேயே கட்டுங்கள். வீட்டில் கட்டினாலும் சந்தேகம் இருந்தால் ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

பச்சையாக வாய்க்குள் போகக் கூடாதவை

ராஜ்மா ஊறினாலும் முளைத்தாலும் பச்சையாகக் கூடாது. நன்றாகக் கொதித்து வேக வேண்டும், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மரவள்ளிக்கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சேனையும் சேம்பும் தொண்டையை அரிக்கும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு எப்படியும் வேண்டாம்.

சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் நம்மிடையே நிறைய. அரைக்கும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிடசின் என்ற நஞ்சுதான் அந்தக் கசப்பு. கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இந்தியாவில் உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கசந்தால் மருந்து என்று கண்ணை மூடிக் குடிக்கும் நம் வழக்கம் இந்த ஓர் இடத்தில் உயிரை வாங்கும்.

பாலக்கீரையைத் தினமும் ஒரு டம்ளர் அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். அதில் உள்ள ஆக்ஸலேட் சிறுநீரகக் கல்லுக்கு வழி. தைராய்டு குறைவு உள்ளவர்கள் முட்டைக்கோஸைச் சமைத்தே சாப்பிடலாம்.

வாரம் 9 முதல் 12 வரை: எங்கே நிறுத்துவது

காலை பழகியபின் மாலையையோ இரவையோ இதே மாதிரி மாற்றலாம். இரவு பச்சைக்காய் செரிக்காதவர்கள் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு முளைப்பயறுக் கிண்ணமும் பழமும் சாப்பிட்டு, இரவு ஒரு டம்ளர் மோரோடு முடித்துக்கொள்ளலாம்.

மூன்று வேளையும் பச்சையாகவே போய்விடலாமா என்ற கேள்வி இங்கே வரும். வேண்டாம் என்பதே என் பதில். காந்தி 1929-இல் இதைச் செய்துபார்த்தார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக்கீரை, எலுமிச்சை, தேன் என்று தோலா என்ற பழைய எடைக் கணக்கில் அளந்து சாப்பிட்டு, எதையும் மறைக்காமல் தன் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். அந்த ஆகஸ்டில் சீதபேதி வந்தது. பரிசோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார், அதையும் எழுதினார். பல ஆண்டுகளாக உணவைச் சோதித்துப் பழகியவருக்கே அந்த நிலை.

ஜெர்மனியின் கீஸன் நகர ஆய்வாளர்கள் நீண்டகாலமாகப் பச்சை உணவே சாப்பிட்டவர்களைப் பற்றி 1999-இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு குறைந்தோ நின்றோ போயிருந்தது. எடை மிகவும் குறைந்தவர்கள் பலர். பால், முட்டை எதுவும் இல்லாமல் போனால் வைட்டமின் பி12 கிடைக்க வழியே இல்லை. அதை மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும். சமைப்பதால் வைட்டமின் சி, ஃபோலேட் குறைகிறது, உண்மை. அதே சமயம் தக்காளியில் உள்ள லைகோபீனும் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீனும் வேகவைத்து எண்ணெயோடு சாப்பிடும்போதுதான் அதிகம் கிடைக்கின்றன. சமைத்தால் செரிமானத்துக்கு உதவும் என்சைம் அழிந்துவிடும் என்ற வாதமும் நிற்காது. காயில் உள்ள என்சைமை நம் இரைப்பை அமிலமே சிதைத்துவிடும். செரிமானத்துக்கு வேண்டியதை உடம்பு தானே சுரந்துகொள்கிறது.

அதனால் மதியச் சோறு, பருப்பு, கூட்டு, மோர் எங்கள் வீட்டில் தொடர்கிறது. தயிரும் மோரும் பி12-க்கு, பருப்பு புரதத்துக்கு. வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் பி12-ம் பரிசோதித்துக்கொள்கிறேன். தலை சுற்றினாலோ முடி கொத்தாகக் கொட்டினாலோ மாதவிலக்கு தள்ளிப்போனாலோ காத்திருக்காமல் ஒரு வேளையைச் சமையலுக்குத் திருப்பிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சந்தையும் வெளியூரும்

மூன்று நாளுக்கு மேல் காய் வாங்கி வைக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் காயின் வாட்டம் நாக்கில் உடனே தெரியும். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். காய்க்கார அக்காவிடம் 'பச்சையா திங்கத்தான்க்கா' என்று சொன்னால் வெண்டைக்காயிலும் வெள்ளரியிலும் பிஞ்சாகப் பொறுக்கித் தருவார்.

பயணத்தில் நறுக்கிவைத்த பழத்தைத் தெருவில் வாங்க வேண்டாம். வாழைப்பழம், கமலா ஆரஞ்சு என்று நாமே உரித்துச் சாப்பிடுவது நல்லது. வெட்டிய உடனே குடிக்கும் இளநீர், நுங்கும் சரி. ஒரு டப்பாவில் ஊறிய வேர்க்கடலை நான்கு மணி நேரம் வரை தாங்கும், அதற்கு மேல் என்றால் வறுத்ததைக் கொண்டுபோங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் காலை அவல் ஊறவைக்க மறக்காதீர்கள்.